டிஸ்க்கை மாற்றுமுன் அது ஓடும் பாதையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

கலியாண வீடியோ எடிட் பண்ணும் ஸ்டூடியோ, பாடசாலை அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடை என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எங்கே போனாலும் ஒரே முறைப்பாடுதான்: "கொப்பி பண்ணப் போட்டால் விடியுமட்டும் ஓடுது, டிஸ்க் போச்சுப் போல." உடனே புது ஹாட் டிஸ்க் வாங்கப்படுகிறது. அதை அதே கொன்ட்ரோலர் காட்டில் (டிஸ்க்கைக் கணினியோடு தொடுக்கும் காட்), அதே கேபிளில் மாட்டுகிறார்கள். வேகம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. கணினி திருத்தும் தொழிலில் உள்ள நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதக் காரணம், இந்த வீண் செலவின் பெரும்பகுதி ஐந்து ரூபாவும் செலவழிக்காமல் ஒரு மணித்தியாலத்துக்குள் கண்டுபிடிக்கக்கூடிய காரணங்களால் வருவதுதான். கடைசியில் கடைக்காரருக்கும் கொள்வனவு செய்யும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோளும் உண்டு.

முதலில் வேகத்தை அளப்பது. ஒரே பெரிய பைலை எடுத்து அளக்க வேண்டும். 10 ஜிபி அளவான வீடியோ ஒன்று போதும். ஆயிரக்கணக்கான சின்னப் பைல்கள் கிடக்கும் போல்டரைக் கொப்பி பண்ணிவிட்டு "செக்கனுக்கு 2 மெகாபைட்தான் போகுது" என்று முறையிடுவதில் பொருளில்லை. நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றும் டிஸ்க் ஒன்றால், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் துண்டுகளைச் செக்கனுக்கு ஏறக்குறைய 80 தொடக்கம் 100 தடவைதான் எட்டிப் பிடிக்க முடியும். துண்டு ஒன்று 4 கிலோபைட் என்றால் பெருக்கிப் பாருங்கள், அரை மெகாபைட்கூட வராது. அது பழுதல்ல, அந்த இயந்திரத்தின் இயல்பு. ஒரே டிஸ்க்கின் டி பகுதியிலிருந்து ஈ பகுதிக்குக் கொப்பி பண்ணி அளப்பதும் பிழை. வாசிக்கவும் எழுதவும் ஒரே தலை ஓடித் திரிவதால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். அதே பைலை இரண்டாம் தரம் கொப்பி பண்ணினால் விண்டோஸ் அதை ராமிலிருந்தே எடுத்துக் கொடுத்து உங்களை ஏமாற்றும். ஆகவே எடுக்கும் டிஸ்க்கும் போடும் டிஸ்க்கும் வேறு வேறாக இருக்கட்டும், ஒவ்வொரு தரமும் வேறு பைலாக இருக்கட்டும். கிறிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற இலவச மென்பொருளின் முதல் வரியில் வரும் வாசிப்பு, எழுத்து எண்களும் இதற்குப் போதுமானவை.

அடுத்தது, வந்த எண்ணை வாசிப்பது. வேகம் ஒரே மட்டத்தில் அசையாமல் நின்றால் அந்த எண்ணே எங்கே அடைப்பு என்று சொல்லிவிடும். செக்கனுக்கு 11 மெகாபைட் என்றால் டிஸ்க்கைத் தொடவே வேண்டாம்: அது 100 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 100 மெகாபிட்; எட்டுப் பிட் ஒரு பைட்) நெட்வேர்க்கின் உச்சம். பழைய சுவிட்ச் ஒன்றோ, நான்கு சோடியில் இரண்டு சோடி மட்டும் தொடுப்பில் உள்ள கேபிளோ இடையில் இருக்கிறது. 112 அளவில் (இனி வரும் வேக எண்களும் செக்கனுக்கு மெகாபைட்தான்) நின்றால் கிகாபிட் நெட்வேர்க் முழு வேகத்தில் ஓடுகிறது, குறைசொல்ல எதுவுமில்லை. 35 முதல் 40 வரை என்றால் யுஎஸ்பி 2.0. டிஸ்க் பெட்டி யுஎஸ்பி 3.0 ஆக இருந்தாலும் கேபிளோ, கணினியின் முன்பக்கப் போர்ட்டோ பழையதாக இருக்கும். 3.0 பிளக்கை முழுதாகத் தள்ளாமல் அரைகுறையாகச் செருகினாலும் 2.0 ஊசிகள் மட்டும் பட்டு இதே எண் வருவதுண்டு. 16க்குக் கீழே நின்று புரொசசரும் நூறு வீதத்தில் திணறினால், டிஸ்க் பியோ என்ற பழைய முறைக்கு விழுந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் ஓடும் கடைகளில் இதைக் காணலாம். 6 பிழைகள் சேர்ந்ததும் எக்ஸ்பி தானாகவே அந்த முறைக்கு இறங்கும், பிறகு தானாக ஏறாது. கேபிளை மாற்றி, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஈ சனலை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் பண்ண வேண்டும்.

எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்) ஒன்று 130, 140 அளவில் நின்றால், டிஸ்க்கைக் கணினியோடு தொடுக்கும் சாட்டா இணைப்பு 1.5 ஜிபிபிஎஸ் (செக்கனுக்கு கிகாபிட்) வேகத்தில் இருக்கிறது. 270, 280 என்றால் 3 ஜிபிபிஎஸ். 540, 550 என்றால் 6 ஜிபிபிஎஸ், அதற்கு மேல் சாட்டாவில் எதிர்பார்க்க வேண்டாம். சாட்டாவில் ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் செலவாகிறது. அதனால்தான் 6 ஜிபிபிஎஸ் என்பது 750 ஆகாமல் 600 மெகாபைட் ஆகிறது, அதிலும் கொஞ்சம் நிர்வாகச் செலவுக்குப் போய்விடுகிறது. 190 அளவிலோ 390 அளவிலோ நின்றால் குற்றவாளி சாட்டா அல்ல, காட் செருகியிருக்கும் ஸ்லொட். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

இங்கே ஒரு விஷயம். சுழலும் ஹாட் டிஸ்க் 3 ஜிபிபிஎஸ் இணைப்பில் இருக்கிறது என்று மனம் வருந்தி காட் வாங்குவோர் இருக்கிறார்கள். 7200 சுற்று டெஸ்க்டொப் டிஸ்க் ஒன்று அதன் வெளி விளிம்பில் 200 மெகாபைட் அளவுக்குக் கொடுத்தாலே பெரிய காரியம். உள் விளிம்பில் அதில் பாதிதான். டிஸ்க் நிறைய நிறைய வேகம் குறைவதும் இதனால்தான். 280 கொடுக்கும் பாதையில் 200 ஓடுவதற்கு என்ன தடை? பெட்டியில் அச்சடித்த "6 ஜிபிபிஎஸ்" போர்ட்டின் வேகம், தட்டின் வேகமல்ல.

இணைப்பு எந்த வேகத்தில் இருக்கிறது என்று அறிய கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறவுங்கள். டிரான்ஸ்பர் மோட் என்ற இடத்தில் இரண்டு எண் இருக்கும்: இடப்பக்கம் இப்போதைய வேகம், வலப்பக்கம் டிஸ்க்கால் முடிந்த வேகம். இடப்பக்கம் சாட்டா 300, வலப்பக்கம் சாட்டா 600 என்றிருந்தால் மூன்று சாத்தியம்: போர்ட்டே 3 ஜிபிபிஎஸ்தான், அல்லது பயோஸில் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அமைப்பு) யாரோ வேகத்தைக் கட்டிவைத்திருக்கிறார்கள், அல்லது கேபிள் சரியில்லாமல் இரண்டு பக்கமும் பேசி வேகத்தை இறக்கியிருக்கின்றன. மூன்றாவதைப் பிடிக்க அதே திரையில் சி7 என்ற வரியைப் பாருங்கள், சிஆர்சி பிழைகளின் தொகை அது. கேபிளில் போகும் தரவு சிதைந்து திரும்பக் கேட்கப்பட்ட ஒவ்வொரு தரமும் அது கூடும், எக்காலத்திலும் குறையாது. ஆகவே எண் பெரிதாக இருப்பது மட்டும் சான்றல்ல. எப்போதோ இருந்த பழைய கேபிளின் கணக்காகவும் இருக்கலாம். எண்ணை எழுதிவையுங்கள், 20 ஜிபி கொப்பி பண்ணுங்கள், திரும்பப் பாருங்கள். கூடியிருந்தால் இப்போது மாட்டியிருக்கும் கேபிளோ போர்ட்டோ பிழை. இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். பங்ஷன் மெனுவில் ரோ வேல்யூஸ் என்ற இடத்தில் பத்தடிமானத்துக்கு மாற்றாமல் வாசித்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

மாற்றும்போது ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கேபிள், பிறகு போர்ட், பிறகுதான் டிஸ்க்கை வேறு கணினியில் போட்டுப் பார்ப்பது. மூன்றையும் ஒரேயடியாக மாற்றிச் சரிவந்தால் எது பழுது என்று தெரியாது. அந்தப் பழுதுக் கேபிள் மேசை லாச்சிக்குள் போய், அடுத்த மாதம் வேறொரு கணினியில் ஏறும். சாட்டா கேபிளின் உச்ச நீளம் 1 மீற்றர். அரை மீற்றருக்குள் முடித்தால் நல்லது. இரும்புக் கிளிப் வைத்த கேபிளையே வாங்குங்கள்; கிளிப் இல்லாதது மின்விசிறி அதிர்விலேயே மெல்ல மெல்லக் கழன்றுவரும். கேபிளைக் கூர்மையாக மடித்து றப்பர் பாண்ட் போட்டு அழகாகக் கட்டுவதையும் விடுங்கள், உள்ளே இருக்கும் சோடிக் கம்பிகளின் இடைவெளி கெட்டால் 6 ஜிபிபிஎஸ் தாங்காது. கணினிக்குள் இருக்கும் சாட்டா முனைகள் ஏறக்குறைய 50 தரம் கழற்றி மாட்டுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஸ்டூடியோக்களில் ஒவ்வொரு கலியாணத்துக்கும் டிஸ்க்கைக் கழற்றி மாட்டும் வழக்கம் உண்டு. அப்படியானவர்கள் அந்தத் தேய்மானத்தைத் தாங்கவென்றே செய்த, டிஸ்க்கை வெளியிலிருந்தே செருகும் டொக் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது.

இனிக் காட்டுக்கு வருவோம். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மதர்போட்டில் போர்ட் முடிந்துவிட்டது என்று பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 காட் ஒன்றை வாங்கிச் செருகுகிறோம். அந்தச் சின்ன ஸ்லொட்டில் தரவு ஓட இருப்பது ஒரே ஒரு தடம். முதற் பதிப்பில் ஒரு தடம் 250 மெகாபைட், இரண்டாம் பதிப்பில் 500, மூன்றாம் பதிப்பில் 985. இவை ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது முதலாவதில் 190 அளவு, இரண்டாவதில் 390 அளவு. காட் இரண்டாம் பதிப்பாக இருந்தாலும் ஸ்லொட் முதற் பதிப்பென்றால் இரண்டும் முதற் பதிப்பிலேயே ஓடும்.

எங்கள் பகுதியில் இன்னும் பாவனையில் உள்ள மதர்போட்டுகளில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஜி41 சிப்செட் (மதர்போட்டின் பிரதான சிப்) வகையில் ஐசிஎச்7 என்ற பழைய சிப் வருகிறது. எக்ஸ்1 ஸ்லொட் முதற் பதிப்பு. அதில் 6 ஜிபிபிஎஸ் காட் போட்டு எஸ்எஸ்டி மாட்டினால் மதர்போட்டின் சொந்த 3 ஜிபிபிஎஸ் போர்ட்டைவிடத் தொடர் வேகம் குறையும். எச்61இல் நான்கு போர்ட்டும் 3 ஜிபிபிஎஸ். ஸ்லொட் இரண்டாம் பதிப்பு. அங்கே ஏஎஸ்எம்1061 சிப் உள்ள காட் போட்டால் எஸ்எஸ்டி 270இலிருந்து 390க்கு ஏறும். அது வாங்கத்தக்க செலவு. எச்81இல் இரண்டு போர்ட் 6 ஜிபிபிஎஸ், இரண்டு போர்ட் 3 ஜிபிபிஎஸ். அனேகமான போட்டுகளில் நிறம் வேறாக இருக்கும். எஸ்எஸ்டி பிழையான போர்ட்டில் கிடக்க, நல்ல போர்ட்டில் டிவிடி ரைட்டர் மாட்டியிருப்பதை அடிக்கடி காண்கிறோம்! இடம் மாற்றினால் போதும், காட் தேவையில்லை. எச்110இல் நான்கும் 6 ஜிபிபிஎஸ், ஆனால் சிப்செட்டிலிருந்து வரும் ஸ்லொட் இன்னும் இரண்டாம் பதிப்புத்தான். மூன்றாம் பதிப்பு என்று விலை கூடிய காட்டை எக்ஸ்1 ஸ்லொட்டில் போட்டால் அந்த மேலதிக விலைக்குப் பலனில்லை. 2011ஆம் ஆண்டு வாங்கிய இன்டெல் 6 வரிசைச் சிப்செட் போட் என்றால் இன்னொன்றையும் பாருங்கள்: அதன் முதற் பதிப்பில் 3 ஜிபிபிஎஸ் போர்ட்டுகள் நாட்போக்கில் பிழைவிடும் என்று அந்த வருடம் ஜனவரி 31இல் இன்டெல் நிறுவனமே அறிவித்தது. திருத்திய சிப் பி3 எனப்படும்.

நான்கு போர்ட் காட் என்றால் நான்குக்கும் அந்த ஒரு தடம்தான். மார்வெல் 88எஸ்ஈ9215 சிப் அப்படிப்பட்டது: இரண்டாம் பதிப்பு, ஒரு தடம், நான்கு போர்ட். ஒரு டிஸ்க் மட்டும் வேலை செய்தால் குறை தெரியாது. நான்கையும் ரெய்டில் (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துப் பாவிக்கும் முறை) போட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது டிஸ்க் ஒன்றுக்கு 100க்குக் கீழே வந்துவிடும். ஐந்து, ஆறு டிஸ்க் வைக்கப் போகிறவர்கள் ஜேஎம்பி585 அல்லது ஏஎஸ்எம்1166 சிப் உள்ள காட்டை வாங்கி, எக்ஸ்4 அல்லது எக்ஸ்16 ஸ்லொட்டில் போட வேண்டும்; அவை மூன்றாம் பதிப்பில் இரண்டு தடம் எடுப்பவை. கிராபிக்ஸ் காட் இல்லாத கணினியில் அந்த நீள ஸ்லொட் சும்மாதான் கிடக்கிறது, தாராளமாகப் பாவிக்கலாம்.

எக்ஸ்1 முனையில் 8 போர்ட், 10 போர்ட் என்று வரும் மலிவுக் காட்டுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சிப் அல்ல, இரண்டு மூன்று சிப் தெரியும். ஒன்று உண்மையான கொன்ட்ரோலர், மற்றவை ஜேஎம்பி575 போன்ற போர்ட் பெருக்கிகள். பெருக்கியின் பின்னால் உள்ள ஐந்து டிஸ்க்குக்கும் ஒரே சாட்டா இணைப்பு. அந்த இணைப்பில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் தரவு போகும். பழைய கல்லடிப் பாலம் போலத்தான்: அங்கிருந்து வருகிற வாகனம் வந்து முடியுமட்டும் இங்கிருந்து போகிறது காத்து நிற்கும். பிசிஐ எக்ஸ்பிரஸ் அப்படியல்ல, அதில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை. ஆகவே ஒரே எக்ஸ்1 காட்டில் உள்ள இரண்டு டிஸ்க்குக்கிடையே கொப்பி பண்ணும்போது, வாசிப்பது ஒரு பக்கத்தாலும் எழுதுவது மறுபக்கத்தாலும் போவதால் வேகம் பாதியாகாது. பெருக்கியின் பின்னால் இரண்டும் இருந்தால் பாதியாகும். அந்தப் பெருக்கி ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்த டிஸ்க்கிடம் பேசும் வகையாக இருந்தால் இன்னும் மோசம். பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் நீளமாக இருக்கும் பழைய பிசிஐ ஸ்லொட்டுக்கும் இதே கதை. 133 மெகாபைட் என்பது அந்தப் பொதுப் பாதையில் உள்ள எல்லாவற்றுக்கும் சேர்த்து, இரு திசைக்கும் சேர்த்து. சிலிக்கன் இமேஜ் 3114 காட்டில் ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு 50 வந்தாலே அது ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம்.

காட் தனக்குரிய தடத்தை எல்லாம் பெற்றிருக்கிறதா என்று பார்க்க விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து, பஸ் என்ற கிளையில் காட்டைத் தேடுங்கள். கரன்ட் லிங்க் விட்த், மக்சிமம் லிங்க் விட்த் என்று இரண்டு வரி. வேகத்துக்கும் அதுபோல இரண்டு. கொப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள், சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம்பிடிக்க இணைப்பு இறங்கியிருக்கக்கூடும். எக்ஸ்8 காட் ஒன்று எக்ஸ்1 என்று காட்டினால் ஒன்றில் ஸ்லொட் உருவத்தில் மட்டும் நீளமாக இருந்து உள்ளே கம்பி குறைவு, அல்லது தொடுகை சரியில்லை.

தொடுகைக் குறை எங்கள் மண்ணுக்கே உரியது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். காத்தான்குடி, கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க உப்புக் காற்று. மழைக் காலத்தில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். காட்டின் பொன்முலாம் பூசிய விளிம்பில் மங்கல் படிந்து, சில தடங்கள் பேசாமல் போக, கணினி சத்தமில்லாமல் குறைந்த தடத்தோடு ஓடத் தொடங்கும். திரையில் பிழை ஒன்றும் வராது. மின்வயரைக் கழற்றி, காட்டை எடுத்து, 99 வீத ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த நூல் கழராத துணியால் விளிம்பை ஒரே திசையில் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டு நேராக அழுத்திச் செருகுங்கள். பென்சில் அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் வேண்டாம், முலாம் மெல்லியது, தேய்ந்துபோனால் செம்பு தெரியும், அடுத்த மழைக்கு இன்னும் கெதியாகக் கறுக்கும். துருவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40ஐ ஸ்லொட்டுக்குள் அடிப்பவர்களும் உண்டு. எண்ணெய்ப் படலத்தில் தூசு ஒட்டிப் பிடிப்பதுதான் மிச்சம்.

வெக்கையும் அப்படித்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரைக் கடைக்குள் இருக்கும் கணினியில், சேவருக்கென்று செய்த எல்எஸ்ஐ 9211-8ஐ போன்ற காட்டை வாங்கிப் போடுகிறார்கள். பாவித்த காட் மலிவாகக் கிடைக்கிறது, நல்ல காட்டும்கூட; ஆனால் அதன் வெப்பத்தகடு சேவர் பெட்டிக்குள் இடைவிடாமல் ஓடும் காற்றை நம்பிச் செய்யப்பட்டது. மேசைக் கணினியில் அதன்மேல் ஒரு சின்ன மின்விசிறி கட்டாயம். காலையில் நன்றாக ஓடி மத்தியானத்தில் நின்று நின்று போகும் கொப்பிக்கு முதலில் அந்தத் தகட்டைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

நின்று நின்று போவது வேறொரு வகை. கோடு பூச்சியத்துக்கு விழும், 30 செக்கன் அப்படியே கிடக்கும், பிறகு எழும்பும். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து 129, 153, 7 ஆகிய எண்களைத் தேடுங்கள். 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாமல் இணைப்பு ரீசெட் ஆகியிருக்கிறது. 153 என்றால் கட்டளை திரும்ப அனுப்பப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் கேபிள், மின்வழங்கல், மின்சார மிச்சப் பிடிப்பு அமைப்பு எல்லாம் காரணமாகலாம். 7 என்றால் டிஸ்க்கின் தட்டிலேயே வாசிக்க முடியாத இடம். உடனே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5, சி6 வரிகளைப் (தட்டில் பழுதான இடங்களின் கணக்கு) பாருங்கள். சி5 பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடினால் வேகப் பரிசோதனையை அத்தோடு நிறுத்துங்கள். அந்த டிஸ்க்குக்கு இனி ஒரே வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. செக்டிஸ்க்கை ஆர் போட்டு ஓட்டி டிஸ்க்கைத் தேய்த்து முடித்த பிறகு எங்களிடம் கொண்டுவருகிறார்கள். தட்டு முழுவதையும் வாசிக்கச் சொல்லும் அந்தக் கட்டளை சாகும் டிஸ்க்குக்கு எமன். லினக்ஸில் டிடிரெஸ்கியூ கொண்டு நல்ல பகுதிகளை முதலில் எடுப்பதே முறை.

மின்வழங்கலையும் மறக்கக்கூடாது. டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் கம்பியில் 2 அம்பியர் அளவு இழுக்கும். நான்கு டிஸ்க்கை ஒரே மொலெக்ஸ் முனையிலிருந்து (பழைய நான்கு ஊசி மின் முனை) பிரித்து எடுத்தால் தொடக்கத்திலேயே வோல்ட் சரியும். வேலை நடக்கும்போது மல்டிமீற்றரால் அளந்தால் 12 வோல்ட் 11.4க்கும், 5 வோல்ட் 4.75க்கும் கீழே போகக்கூடாது. மொலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு வயர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த சாட்டா முனைகள் உள்ளே சோர்ட் ஆகி எரிந்தவை பல.

தொடக்கத்தில் வேகமாக ஓடிப் பிறகு தவழ்கிறது என்றால் அது பெரும்பாலும் பழுதே அல்ல. சில ஹாட் டிஸ்க்குகள் தட்டில் எழுதும் வட்டப் பாதைகளை, ஓட்டுக் கூரை போல ஒன்றின்மேல் இன்னொன்று பாதி ஏற எழுதுபவை, எஸ்எம்ஆர் என்பார்கள். சீகேட் எஸ்டி2000டிஎம்008, எஸ்டி4000டிஎம்004 இந்த வகை. முதலில் ஒரு தனிப் பகுதியில் வேகமாக எழுதி, பிறகு ஓய்வில் ஒழுங்குபடுத்தும். ஓய்வே கொடுக்காமல் 500 ஜிபி கொட்டினால் செக்கனுக்கு 20, 30 என்று இறங்கிவிடும். வீட்டுப் படங்களுக்கு இது போதும். ரெய்டுக்கு வேண்டவே வேண்டாம். 2020இல் டபிள்யூடி ரெட் டிஸ்க்குகளில் ஈஎப்ஏஎக்ஸ் என்று முடியும் 2 முதல் 6 டிபி மொடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளிவந்து பெரிய பிரச்சினையானது நினைவிருக்கும். எஸ்எஸ்டியிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு: சாம்சுங் 870 க்யூவிஓ 1 டிபி, தொடர்ச்சியாக 42 ஜிபி எழுதிய பின் 530இலிருந்து 80க்கு விழும் என்று அதன் விபரத்தாளிலேயே எழுதியிருக்கிறது. 80 என்பது சாதாரண ஹாட் டிஸ்க்கைவிடக் குறைவு. காட்டையும் கேபிளையும் எத்தனை தரம் மாற்றினாலும் இது மாறாது.

வாசிப்பு நன்றாக இருந்து எழுத்து மட்டும் படுத்துக் கிடந்தால் ரைட் கஷ் (எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைக்கும் வசதி) நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் பொலிசீஸ் பக்கத்தில் முதற் பெட்டியில் சரி போடுங்கள். அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது பெட்டியைத் தொடாதீர்கள், மின்வெட்டு வந்தால் தரவு போய்விடும். அலுவலகச் சேவர்களில் பற்றரி வைத்த ரெய்ட் காட் இருந்தால் காரணம் பெரும்பாலும் அந்தப் பற்றரிதான். அது சோர்ந்துவிட்டால் காட் தன் நினைவகத்தை நம்பாமல் நேரடியாக டிஸ்க்கில் எழுதத் தொடங்கும். தரவைக் காக்கவே அப்படிச் செய்கிறது. பற்றரியை மாற்றாமல் "எப்போதும் ரைட் பக்" (முதலில் நினைவகத்திலேயே எழுது) என்று கட்டாயப்படுத்தினால் வேகம் திரும்பும், அடுத்த மின்வெட்டோடு கணக்குப் புத்தகம் போய்விடும். சில மாதங்களுக்கு ஒருமுறை பற்றரி தன்னைத் தானே சோதிக்கும் சில மணித்தியாலங்களிலும் இதே மந்தம் தெரியும்; அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சிறு விஷயங்கள். பயோஸில் சாட்டா முறை ஐடிஈ என்ற பழைய முறையாக இருந்தால் டிஸ்க் தன் கட்டளை வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி கிடைக்காது. அந்த வசதியுள்ள ஏஎச்சிஐ முறைக்கு நேரே மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். விண்டோஸ் 10இல் எம்எஸ்கொன்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட் தெரிவுசெய்து, ரீஸ்டார்ட் பண்ணி, பயோஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழும்பவைத்து, பிறகு அந்தத் தெரிவை எடுத்துவிட வேண்டும். விண்டோஸுக்குள் நுழையப் போடும் பின் (PIN) இலக்கம் அங்கே வேலை செய்யாமல் போகலாம், முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்கட்டும். மற்றது, எக்ஸ்பி காலத்தில் பிரித்த பாட்டிஷனை அப்படியே புது டிஸ்க்குக்குக் குளோன் பண்ணியிருந்தால் அது 63ஆம் செக்டரில் தொடங்கும். 4 கிலோபைட் செக்டர் உள்ள இன்றைய டிஸ்க்கில் ஒவ்வொரு எழுத்தும் வாசித்து மாற்றித் திரும்ப எழுதும் வேலையாகிவிடும். எம்எஸ்இன்ஃபோ32இல் டிஸ்க் பகுதியில் தொடக்க ஓப்செற் 4096ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 32,256 என்று இருந்தால் புதிதாகப் பிரிப்பதே வழி.

இனி வேண்டுகோள். கடைகளில் தரும் பில்லில் "சாட்டா காட் 4 போர்ட்", "2 டிபி ஹாட் டிஸ்க்" என்று மட்டும் எழுதுகிறார்கள். இவ்வளவும் வாசித்தவருக்கு அந்த வரியால் ஒன்றும் தெரியவராது. காட்டுக்குச் சிப்பின் பெயர், பிசிஐ எக்ஸ்பிரஸ் பதிப்பு, தடங்களின் எண்ணிக்கை. டிஸ்க்குக்கு முழு மொடல் இலக்கம், எஸ்எம்ஆரா இல்லையா. எஸ்எஸ்டிக்கு, சிப்பின் கலம் ஒன்றில் மூன்று பிட் எழுதும் டிஎல்சியா நான்கு பிட் எழுதும் க்யூஎல்சியா. இவ்வளவையும் எழுத ஒரு வரி போதும். பாடசாலைகளும் பிரதேச சபைகளும் விலைமனுக் கோரும்போது "6 ஜிபிபிஎஸ் சாட்டா காட்" என்று எழுதினால் பத்துப் போர்ட் பெருக்கிக் காட்டும் அதில் தேறிவிடும், மிகக் குறைந்த விலை என்று தெரிவும் ஆகிவிடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, ஆகக் குறைந்தது இரண்டு தடம், போர்ட் பெருக்கி இல்லாதது, பொருத்திய பின் எல்லாப் போர்ட்டிலும் ஒரே நேரத்தில் வாசித்து வேகம் காட்டப்பட வேண்டும்." காசோலை கொடுக்குமுன் அந்தக் கடைசிப் பகுதியைச் செய்து பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர்கள் சிலர்,
மட்டக்களப்பு.